நான் தளர்த்திய பின் பிரேக்

என் நண்பன் ஒருவனின் கை எலும்பு முறிந்ததற்கு நான்தான் காரணம். அதை மறைத்து, தன் தவறால்தான் விழுந்ததாகப் பல வருடங்கள் அவனையே நம்பவும் வைத்தேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இனிமேலும் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் விடுமுறையில் நடந்தது இது. அப்போது பெங்களூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் கோஷ்டி வைத்திருந்தோம். எல்லோருமே நாற்பதைத் தாண்டியவர்கள். நான் ரிச்சர்ட்ஸ் டவுன், அந்த நண்பன் அல்சூர். எங்களில் மூத்தவர் பிரேசர் டவுனில் பேக்கரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, வெயில் ஏறும்போது வீடு திரும்புவோம். வருடத்துக்கு ஒருமுறை சைக்கிள்களை பஸ்ஸின் கூரையில் கட்டி ஊட்டிக்குக் கொண்டுபோவோம். அங்கே பைன் காட்டுக்குள் ஒரு பழைய சாலை உண்டு. வாசலில் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சைக்கிளை மட்டும் விடுவார்கள். பல மைல்களுக்கு ஹாரன் சத்தமே கிடையாது. அந்த அமைதிக்காகத்தான் அவ்வளவு தூரம் போனோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏற்றத்தில் யார் வேண்டுமானாலும் முன்னால் போகலாம். இறக்கத்தில் மட்டும் அவன்தான் முதலில் இறங்குவான். அவன் எங்கே வேகத்தைக் குறைக்கிறானோ அங்கே நாங்களும் குறைப்போம், அவன் வளையும் கோட்டிலேயே வளைவோம். கை பதறாதவன் என்று அவனுக்குப் பெயர். எனக்கு ரிப்பேர்க்காரன் என்று பெயர். படித்து ஆபீஸ் வேலை பார்த்தவனாக இருந்தாலும், ஸ்பேனரை எடுத்தால் நான்தான் ராஜா என்ற நினைப்பு எனக்கு.

அன்று ஏற்றத்தில் அவனுடைய பின் சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்தது. சக்கரம் கோணிக்கொண்டு, சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் உரசியது. தேநீர்க் கடையில் நின்றபோது, "இன்னாடா, யாரோ பின்னாடி புடிச்சி இழுக்குற மாதிரி கீது" என்றான். நீ போய் டீ குடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முறைப்படி கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்கியிருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும், மற்றவர்கள் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். அதனால் பின் பிரேக்கின் வயரைத் தளர்த்தி, கட்டைகளை ரிம்மில் படாதபடி அகலமாக விலக்கிவிட்டேன். ஏற்றத்தில் பிரேக் தேவைப்படாது, உச்சியில் மறுபடி இறுக்கிவிடலாம் என்பது என் கணக்கு. அவனிடம் இதைச் சொல்லவில்லை. "சரியாயிடுச்சு, கிளம்பு" என்று மட்டும் சொன்னேன்.

உச்சியில் மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் கேக்கை வெட்டிக் கொடுத்தார், போட்டோ எடுத்தோம், ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டோம். எனக்குப் பிரேக் நினைவே வரவில்லை. அவன் வழக்கம்போல முதலில் இறங்கினான். நான் அடுத்து.

முதல் வளைவில் பைன் ஊசிகள் கனமாக உதிர்ந்து கிடந்தன. அவன் பிரேக் பிடித்தான். முன் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு வழுக்கியது. சைக்கிள் மடங்கி, அவன் வலது கை கீழே போக விழுந்தான்.

மற்ற மூவரும் அவனைத் தூக்க ஓடினார்கள். நான் சைக்கிளிடம் ஓடினேன். அதை நிமிர்த்துவதுபோல் திரும்பி நின்று, ஸ்பேனரை எடுத்து, பின் பிரேக் வயரை இறுக்கினேன். அதுவரை நடந்தது மறதி. இது மறதி இல்லை.

அவன் வலியில் முனகிக்கொண்டே, "ரெண்டு பிரேக்கும் புடிச்சேன்டா" என்றான்.

பேக்கரிக்காரர் சைக்கிளைப் பார்த்தார். "பின் பிரேக் நல்லாத்தானேபா கீது? ரெண்டும் புடிச்சிருந்தா இப்பிடி மடங்கி விழுவியா? முன்னாடிது மட்டும் இறுக்கிட்டே."

அவன் என்னைப் பார்த்தான். "நீ பின்னாடியேதானே வந்தே. நீ சொல்லு."

"பதட்டத்துல முன்னாடிது மட்டும் புடிச்சிருப்பே. விடு, யாருக்கும் ஆவுறதுதான்" என்றேன்.

எந்த அமைதியைத் தேடிப் போனோமோ அதுவே அன்று எங்களை வாட்டியது. கூப்பிட்டால் வர ஒரு வண்டி இல்லை. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி, தடுப்பு வரை அவனை நடத்தியே கூட்டி வந்தோம். வழியெல்லாம் அவன் தனக்குத்தானே, ரெண்டும்தான் புடிச்சேன், ரெண்டும்தான் புடிச்சேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அடிவாரம் நெருங்கும்போது அது நின்றுவிட்டது.

பெங்களூர் திரும்பியதும் பேக்கரிக்காரர் அவனுக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் வைத்தார். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான். கை கூடியது. ஆனால் அவன் வரவில்லை. முதலில் கை வலி என்றான், பிறகு வேலை ஜாஸ்தி என்றான், பிறகு சைக்கிளையே விற்றுவிட்டான். அவன் இல்லாமல் இறக்கத்தில் யார் முன்னால் போவது என்று எங்களுக்குள் தகராறு வந்தது. கோஷ்டியும் கொஞ்ச நாளில் கலைந்தது.

பத்து வருடம் போனது. நாங்கள் நண்பர்களாகவே இருந்தோம். ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவன் மகள், கூட வேலை செய்பவர்களோடு நந்தி மலைக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முடியாது என்றான்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. கொழந்த பேஜார் பண்ணிக்கினு சாப்பிடவே இல்ல" என்றாள் அவன் மனைவி.

அவன் சிரித்தபடி மகளிடம் சொன்னான். "உங்க அங்கிளையே கேளு. சமயத்துல எந்த பிரேக்க புடிக்கிறதுன்னு தெரியாத கை இது. அதே ரத்தம்தானே உனக்கும்?"

அவன் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். தேநீர்க் கடையில் தளர்த்தியது, விழுந்த பிறகு இறுக்கியது, இரண்டையும் சொன்னேன்.

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ நான் ரெண்டும் புடிச்சேன்."

"புடிச்சே."

"ரெண்டும்?"

"ரெண்டும்டா."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டியா? அன்னைக்கே சொன்னேன்ல?" அவள், நான் குடித்து முடிக்காத டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்கல்லாம் சேந்து என்னையே மறக்க வெச்சிட்டீங்க. போ, அவங்ககிட்ட போய் சொல்லு. ஒவ்வொருத்தர்கிட்டயும். சொல்லிட்டு இந்த வீட்டுக்கு வா."

போனேன். ஒருவர் ஓசூரில் இருந்தார். "இப்போ எதுக்குபா இதெல்லாம்?" என்று பேச்சை மாற்றப் பார்த்தார். கடைசிவரை கேட்கவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். இன்னொருவர், "சீ, நீயா?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. பேக்கரிக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் இருந்த மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எந்த சைக்கிள் சார்?" என்றான்.

திரும்பி வந்து ஒப்பித்தேன். பேக்கரிக்காரர் பெயர் வந்ததும் நண்பன் தலையை ஆட்டினான். "அந்தப் பேரு வெச்சவரே அவர்தான். தெரியாமலே செத்துப் பூட்டாரு" என்றான்.

மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "முட்டி தேஞ்சி போச்சி. இனிமே எங்க ஏறுறது?" என்றான். என்னை மன்னித்துவிட்டதாக அவன் சொன்னதில்லை. வந்தால் வா என்பான், போனால் சரி என்பான். சனிக்கிழமை இருட்டோடு மகள் கிளம்பும்போது வாசலில் நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பானாம். அவன் மனைவி ஒருமுறை சொன்னாள்.

முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடிவிட்டது, உண்மையையும் தாமதமாகவாவது சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நல்ல சவாரிக்காரன் தன் கையையே நம்பாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவுமில்லை என்பது, ஒவ்வொரு ஞாயிறு விடியும்போதும் எனக்கு உறைக்கிறது.