இஞ்சிக் கலர் அடைத்த பின்னறை

கல்யாணமான புதிதில், கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு லிப்ட் கம்பெனி வாசலில் போய் நின்ற அன்றைக்குத்தான் அவள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டாள்.

"யாரைப் பாக்கணும்? ஓ, நம்ம கலர் வீட்டம்மாவா! டேய் கலரு, உனக்குச் சோறு வந்திருக்குடா!"

பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்க, இதென்ன கண்றாவி என்று அவளுக்கு முகம் சுண்டிப்போனது. லிப்ட் பழுது பார்க்கிற மனுஷனுக்கு ஒரு கையில் ஸ்பானர், இன்னொரு கையில் கலர் சோடா பாட்டில். அதனால் வந்த பெயர்.

மகன் பிறந்தான், வளர்ந்தான். பாட்டில் மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை. சர்க்கரை வியாதி வந்து, டாக்டர் திட்டிய திட்டில், சர்க்கரை போடாத டயட் கோலாவுக்கு மாறினார். அதிலும் ஆயிரம் நொள்ளை. ஒன்று மருந்து வாடை, ஒன்று சோப்புத் தண்ணி. இஞ்சி வாசனை போட்ட ஒன்றுதான் தொண்டையில் இறங்கியது.

மகன் தனிக்குடித்தனம் போனதும் பின்னறை காலியானது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை அவளுக்கு வருவதாக இருந்தது. மிஷினும் வெட்டு மேசையும் போட இடம் வேண்டும், அவ்வளவுதான். எத்தனை வருஷம் அடுப்படி மூலையில் முழங்காலில் துணியைப் போட்டு வெட்டியிருப்பாள்! அந்த நேரம் பார்த்துத்தானா கோலா கம்பெனிக்காரன் இஞ்சிக் கலர் தயாரிப்பதை நிறுத்த வேண்டும்? மனுஷன் கடை கடையாக ஏறி இறங்கி, இருந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக அள்ளிவந்து பின்னறையில் கூரை முட்ட அடுக்கிவிட்டார்.

"ஏங்க, என் மிஷினை எங்க போடறது? உங்க தலையிலயா?"

"கொஞ்சம் பொறு. குடிச்சுத் தீர்ந்ததும் ரூம் உனக்குத்தான்."

தீர்ந்தால்தானே! தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் அரை டம்ளர் அரை டம்ளராக மருந்து மாதிரி குடித்தார். நாத்தனார் வேறு பரிந்துகொண்டு வந்தாள்.

"எந்தம்பி என்ன சாராயமா குடிக்கிறான்? கலர்தானே, விட்டுத் தொலையேன்."

"உங்க வீட்டுல அடுக்கிக்கோங்க அண்ணி, விட்டுத் தொலைக்கிறேன்."

நாத்தனார் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். சீருடை வேலை அடுத்த தெருத் தையல்காரிக்குப் போனது.

பின்னறைக்குத் தகரக் கூரை. கோடை முடிந்து ஒரு பாட்டிலைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். இனிப்பே இல்லை. வரிந்துகட்டிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

"அண்ணே, சக்கரை போடாத கலர் சூட்டுல கெடந்தா இனிப்பு செத்துப்போயிடும். இதைப் போயி யாராவது சேத்து வைப்பாங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

இனியாவது கொட்டுவார் என்று அவள் துடைப்பமும் கையுமாகப் போய் நின்றாள். அவர் அசையவில்லை. "குடிக்கக் குடிக்கப் பழகிடும்" என்றார்.

எப்படிப் பழகியது என்பது, சர்க்கரை டப்பா அடிக்கடி காலியானபோது விளங்கியது. பின்னறைக் கதவைத் தள்ளினால், பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து டம்ளரில் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார். நுரை பொங்கிச் சட்டையெல்லாம் வழிகிறது.

"சக்கரை இல்லாத கலர்ல சக்கரையா! உங்களை என்ன பண்ணித் தொலைக்கிறது?"

"சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! இந்தக் கழனித் தண்ணிக்காகவா என் வேலையைப் பறிகொடுத்தேன்?"

அதற்குள் சர்க்கரை ஏறி அவர் காலில் புண் வந்திருந்தது. ஆறுவதற்கு மாதக்கணக்கானது. இனி லிப்ட் குழிக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன அன்று, அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாக்கடையோரம் இழுத்துப்போட்டாள். ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, மூடிகளை அவர் கையாலேயே திறக்கவைத்தாள். "கடைசி பாட்டில்ல ஒரே ஒரு மடக்கு..." என்று இழுத்தார். அவள் பார்த்த பார்வையில் அதையும் கவிழ்த்தார்.

மறுவருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்து சீருடை வேலையைத் திரும்ப வாங்கினாள். கலர் இப்போது வேலைக்குப் போவதில்லை. பின்னறையில் அவள் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார்.