டெஜிரி அக்காவின் மாவும் கம்பெனி நெருப்பும்

எங்கள் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் பூமியிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை எண்ணெய்க் கம்பெனி திறந்த வெளியிலேயே எரித்துத் தள்ளியது. டெஜிரி அக்கா பிறப்பதற்கு முன்பே பற்றவைத்த நெருப்பு அது. அந்தச் சூட்டில் மரவள்ளி மாவைக் காயவைத்து விற்றுத்தான் நான்கு பிள்ளைகளை வளர்த்தாள். மழைக்காலத்தில் வெயிலை நம்பினால் மாவு புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். கம்பெனி நெருப்பில் ஒரே பகலில் காய்ந்துவிடும்.

நெருப்பைச் சுற்றிப் போட்டிருந்த மண்கரையை ஒட்டி ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. அக்காவுக்கு அவள் மாமியார் விட்டுப்போன இடம், பக்கத்தில் நான். முகத்தில் ஈரத்துணியைச் சுற்றி, நெருப்புக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து போவோம். மாவைக் கொட்டிப் பரப்பிவிட்டு ஓடிவந்துவிடுவோம். நாற்பது வயதிலேயே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"இந்த நெருப்பு உன்னைக் கொன்னுடும்க்கா."

"கொல்றதுக்குள்ள கடைசியவளைப் படிக்க வச்சிடுவேன். நீ உன் மாவைப் புரட்டுடி, கருகுது."

போன வருடம் குன்லே என்ற அரசு அதிகாரி வந்தார். நாட்டில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டனவாம், மின்சாரம் போதவில்லையாம். இனி வாயு குழாய் வழியாக மின்நிலையத்துக்குப் போகுமாம், கரிப்புகையும் குறையுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் ஒரு மின்கம்பம்கூடக் கிடையாது.

"எங்களுக்கும் கரண்ட்டு வருமா தம்பி?" என்றாள் அக்கா.

"வரும்மா, அடுத்த கட்டத்துல."

ஜூன் மாத மழையில் நெருப்பை அணைத்தார்கள். அக்கா வீட்டில் மூன்று மூட்டை ஈரமாவு இருந்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை அடித்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். தகரத்துக்கு அடியில் பச்சை விறகை மூட்டி, மேலே மாவைப் பரப்பினாள். புகையில் இருமல் இன்னும் மோசமானது. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அதையே செய்தோம்.

செப்டம்பரில் குன்லே புகை அளக்கும் கருவியோடு வந்தார்.

"அம்மா, இப்படி விறகு எரிக்கக்கூடாது. நம்ம நாட்டுப் புகையைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடுபடுறோம்?"

அக்கா இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

"சரி தம்பி. உன் நெருப்பைத் திருப்பிக் கொடு, இதை அணைச்சிடறேன்."

அவர் எங்கள் தெருவில் எத்தனை அடுப்பு புகைகிறது என்று மட்டும் எண்ணி எழுதிக்கொண்டார்.