காற்று வரவில்லை மிஸ்!

கண்ணுக்குத் தெரியாததை ‘இதோ பார்’ என்று காட்டிப் பிழைப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சாமியார், இன்னொருவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சாமியாரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நம் கதை அப்படியா? வாண்டுகள் முன் நின்று தொண்டை கட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த காலம். முத்தியால்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில், பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாகச் சேர்ந்திருந்தேன். அவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “இந்த வாரம் காத்து பாடம் எடுங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா இங்கேயே இருங்க” என்றார். பிடிக்காவிட்டால், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி நேரு வீதித் துணிக்கடையில் புடவை மடிக்கப் போக வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

முதல் நாள் இதைத்தான் கேட்டேன். கடல், மரம் என்று ஏதாவது பதில் வரும் என்று நினைத்தேன். மொத்த வகுப்பும் மேலே கை காட்டியது. அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விசிறி இல்லாமலும் காற்று உண்டு என்று நிரூபிக்க ஸ்விட்சை அணைத்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த வீட்டுச் சுவர். கொஞ்ச நேரத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “காத்து எப்பவும் நம்மளச் சுத்தி இருக்கு, தெரியுதா?” என்று விடாமல் சொன்னேன். முதல் பெஞ்சு முகிலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: “இருக்கட்டும் மிஸ், நீங்க ஃபேன போடுங்க.”

முகிலன் வீட்டுத் துணிகள்

‘வீட்டில் காற்று என்னென்ன செய்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே முகிலனின் அம்மா வாசலில் நின்றார். மகன் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகளின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, எது முதலில் பறக்கிறது என்று கைகட்டிப் பார்த்திருக்கிறான். அப்பாவின் லுங்கி பக்கத்து வீட்டு மாடியில். அம்மாவின் பாவாடை தெரு மின்கம்பியில்.

தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்தே இருந்தது. போச்சு என் வேலை என்று நினைத்து, “மன்னிச்சிடுங்கம்மா” என்று மெல்லிய குரலில் சொன்னேன். முகிலனின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, வுடுங்க டீச்சர். ஸ்கூல்ல என்னா நடந்துச்சின்னு கேட்டா வாயே தொறக்க மாட்டான், நேத்து படுக்கற வரைக்கும் பேசிக்கினே இருந்தான். மழப் பாடம் எடுக்கறப்ப மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க!”

நல்லதா, கெட்டதா?

மெல்லிய காற்று நல்லது, பலத்த காற்று கெட்டது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. வேகமாகக் காற்று அடித்தால் மரம் விழும், கூரை பறக்கும் என்று கையை ஆட்டிப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன். கடலோரக் குப்பத்திலிருந்து வரும் செல்வராணி எழுந்து நின்றாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். அந்தப் பிள்ளைக்குக் காற்றென்றால் எவ்வளவு பயமோ, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அவள் முகத்தில் பயமே இல்லை. புத்தகம் சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் உள்ளபடி நடத்துவதில்லை. “காத்து பலமா அடிச்சாதான் மிஸ் நல்லது. அன்னிக்கி எங்கப்பா கடலுக்குப் போவ மாட்டாரு, வூட்டுல எங்கூடவே வெளையாடுவாரு.”

அசையாத வேப்பமரம்

வெள்ளிக்கிழமைக்கு, குச்சியில் சுற்றும் காகிதக் காற்றாடி செய்வதாகத் திட்டம். மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிடும் என்று நம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல நானும் நம்பி, மதிய வகுப்பைக் கேட்டு வாங்கியிருந்தேன். பழைய காலண்டர் தாளும் ஈர்க்குச்சியும் தயார். தலைமையாசிரியை காலைப் பிரார்த்தனை முடிந்ததுமே வந்து நின்றார். “மத்தியானம் எனக்கு வெளி வேல இருக்கு. இப்பவே எடுங்க.”

காற்றாடிகளோடு முற்றத்துக்குப் போனோம். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. உள்ளே போய் விசிறிக்கடியில் நிற்கலாம் என்றால் கரண்ட் இல்லை. பிள்ளைகள் காற்றாடியைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்கள். “காத்து வரல மிஸ்” என்றான் முகிலன். எனக்குத் துணிக்கடைப் புடவைகள் கண்ணில் தெரிந்தன. அப்போது செல்வராணி, “வரலன்னா போவுது, நாம ஓடலாம்!” என்று ஒரே ஓட்டமாக ஓடினாள். அவள் காற்றாடி விர்ரென்று சுற்றியது. அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கத்திக்கொண்டு பின்னால் ஓடியது, நானும் ஓடினேன். முகிலன் தன் காற்றாடியைத் தலைமையாசிரியையின் கையில் திணித்து, “ஓடுங்க மேடம், ஓடுனாதான் சுத்தும்” என்றான்.

அவர் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று ஓடி வந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செல்வராணியை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டேன். மூச்சு வாங்க மரத்தடியில் உட்கார்ந்த தலைமையாசிரியை சொன்னார்: “இங்கேயே இருங்க டீச்சர். ஆனா அடுத்த தடவ நான் வரும்போது, உக்காந்துகிட்டு எடுக்கற பாடமா வச்சிக்குங்க.”

காற்று பட்டால் கேஸ் அடுப்பு அணையும் என்றுதான் இன்றைக்கும் பாடம் நடத்துகிறேன், அந்த வாண்டுகள் ஓடிக் கிளப்பிய காற்றில்தான் என் வீட்டு அடுப்பு இத்தனை வருடமாக அணையாமல் எரிகிறது என்றாலும்.