இரண்டு கையையும் விட்டு எழுத

பிளெட்ஜர் கம்பியைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். "இதுக்குச் சளி புடிச்சிருக்கு" என்கிறார். திருகை அரைச் சுற்று முறுக்கி மறுபடி சுண்டுகிறார். விமானத்தின் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே ஏகப்பட்ட கம்பிகள். அத்தனைக்கும் இதே வைத்தியம்தான்.

முன்பு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் படகுகளுக்குப் பாய் கட்டியவர். நான்கு வருஷமாகப் பட்டாளத்து விமானக் கொட்டகையில் வேலை. சட்டைப்பையில் பாதி கடித்த வெங்காயமும் பாலாடைக்கட்டியும் எப்போதும் இருக்கும். அதிகாரிகள் "சோதனை எந்திரம்" என்றால் முகம் சுளிப்பார். அவருக்கு அது "அவ". யாராவது இறக்கையில் சாய்ந்தால் போச்சு. "ஏம்ப்பா, உங்க வீட்டுச் சுவரா அது?"

சண்டை போடச் செய்த விமானம் இல்லை இது. எதிரி எங்கே நிற்கிறான் என்று மேலிருந்து பார்த்து எழுதிவர வேண்டும். ஓட்டுகிறவரேதான் எழுத வேண்டும் என்பதால், இரண்டு கையையும் விட்டாலும் அது நேராகப் போயாக வேண்டும். போன வாரம் அதை ஓட்டிய கேப்டன் லாரிமர் மேலே பென்சிலை எடுத்ததும் இடது இறக்கை சடாரென்று சரிந்தது. மனிதர் உயிரோடு இறங்கியதே பெரும்பாடு. இன்னொரு முறை சரிந்தால் விமானத்தை விறகாக்கிவிடுவேன் என்று கர்னல் சொல்லிவிட்டார்.

கேப்டன் திட்டவில்லை. "காத்து கொஞ்சம் முரடு, பிளெட்ஜர்" என்றார். திட்டியிருந்தால் தேவலை, பிளெட்ஜருக்கு இரண்டு நாள் ரொட்டி இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. இறக்கைத் துணிக்குப் பூசிய பசை காய்வதற்காகக் கொட்டகையில் அடுப்பு எரிகிறது. இடது இறக்கை அடுப்போரம். சூட்டில் தளர்ந்த கம்பியைச் சரிசெய்வதாக நினைத்து இறுக முறுக்கிவிட்டார். மேலே குளிரில் அது சுருங்கி இறக்கையைக் கோணலாக இழுத்துவிட்டது.

நேரே கேப்டன் முன்னால் போய் நின்றார். "தப்பு என்னோடதுங்க ஐயா. அடுப்புப் பக்கமா வச்சு முறுக்கிப்புட்டேன்."

"அப்ப வெளியில வச்சு முறுக்கு. நான் ஏறுறேன்" என்றார் கேப்டன்.

இன்று விடிந்ததிலிருந்து பனியில் நின்று முறுக்கி முடித்தார். விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன. கேப்டன் ஏறிய விமானம் மேலே இரண்டு வட்டம் அடித்தது. அவர் எழுதிப் போட்ட செய்திப் பை சிவப்பு நாடாவோடு புல்லில் விழுந்தது. ஐம்பது வயது பிளெட்ஜர் எல்லோரையும் முந்தி ஓடி அதைப் பிரிக்கிறார்.

"என்னய்யா எழுதியிருக்கார்? படி!" என்று கத்துகிறார் கர்னல்.

பிளெட்ஜர் படிக்கவில்லை. காகிதத்தைத் தொடையில் விரித்து, முதல் வரியின் அடியில் விரலை வைத்து ஓரம்வரை மெல்ல நகர்த்துகிறார். எழுத்து எங்கும் நெளியவில்லை. இரண்டாவது வரியில் விரலை வைக்கிறார்.