நேர்த்திக்காசு கட்டிய தையல் மெசின்

அருமைநாயகி எழுத்து எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். கடலை சுற்றிவந்த கடதாசியைக்கூட நீவிப் படித்துவிட்டுத்தான் கடலையை வாயில் போடுவாள். அந்த விசர்ப் பழக்கம்தான் ஒருநாள் அவளுக்குக் கைகொடுத்தது.

எண்பத்தேழில் வடமராட்சியில் ஷெல் விழத் தொடங்கியதும், நெல்லியடித் தையல்காரியான அவள் மெசினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு நீர்வேலிக்கு வந்துசேர்ந்தாள். தங்கியது சின்னம்மா மகள் வீட்டு ஒற்றை அறையில். ஏழு பேர் படுத்தால் கால் நீட்ட இடமில்லை. அதனால் மெசினை நாகலிங்கத்தாரின் வாழைக்குலைக் கிடங்கில் மாதம் முப்பது ரூபாய் வாடகைக்கு வைத்தாள். குலை ஏற்ற லொறி ஓடாத காலம். மனிதர் வெறுங்கிடங்கை வீணாக்காமல் இடம்பெயர்ந்தவர்களின் கட்டிலையும் அலுமாரியையும் அடுக்கிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அவர் கைப்பட எழுதிய பலகை: மூன்று மாத வாடகை நின்றால் பொருள் ஏலம். கிடங்குக்காரர் ஏலம் கேட்கமாட்டார். வேறு எவரும் கேட்கலாம். ஏலத்தோடு கணக்குத் தீரும். நேர்மையான மனிதர் என்று ஊர் சொல்லட்டும் என்றுதான் கடைசி மூன்றையும் சேர்த்திருந்தார்.

சனம் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் சட்டை தைப்பார்கள்? மூன்று மாத வாடகை நின்றது. ஏல நாளும் குறித்தாயிற்று. இனித்தான் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சீருடை தைக்கக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். இந்நேரம் மெசின் போனால் அவள் சோற்றுக்கு எங்கே போவாள்? நாகலிங்கத்தாருக்கோ மகள் இராசமலரின் சீதனத்துக்கு ஒரு மெசின் தேவை. தான் கேட்கமுடியாதே! மச்சான் சீவரத்தினத்தின் கையில் நூறு ரூபாயைத் திணித்து முன்னுக்கு நிறுத்தினார்.

ஏலத்தன்று காலையில், தூசி தட்டவென்று அருமைநாயகி கிடங்குக்குள் போய்வந்தாள். மெசினை வெளியே கொண்டுவந்தபோது அதன் சில்லுச் சக்கரத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

"என்ன பிள்ளை உது?" நாகலிங்கத்தார் கேட்டார்.

"நேர்த்திக்காசு அண்ணை. மெசினைப் பிள்ளையாருக்கு நேர்ந்து விட்டிட்டன்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நேர்ந்துவிட்ட சேவலைக் கள்ளன்கூடத் தொடாத ஊர் அது. சீவரத்தினம் நூறு ரூபாயை மச்சானிடமே திருப்பி நீட்டினார்.

"கேளும் மச்சான்!" நாகலிங்கத்தார் பல்லைக் கடித்தார்.

"எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். பிள்ளையாரோடை நான் கொழுவிச் சண்டை பிடிக்கேலாது."

"பத்து ரூபாய்," என்றாள் அருமைநாயகி.

"நீயோ? அது சாமியின்ரை பொருளெல்லே!"

"நேந்தவள்தானே நேர்த்தியைத் தீர்க்கவேணும். வேறை எவரும் கேக்கலாமெண்டு எழுதினது நீங்கள்தானே அண்ணை. மூண்டு தரம் சொல்லுங்கோ."

சொன்னார். மூன்றாந்தரத்தோடு பத்து ரூபாயை வாங்கி மடியில் செருகினார். தொண்ணூறு ரூபாய்ப் பாக்கியும் பலகைப்படி அந்தப் பத்தோடு தீர்ந்தது.

வண்டில் கோயிலடிக்கு வந்தபோதுதான் அவளுக்குப் பகீரென்றது. காசைக் கட்டினாளே தவிரப் பிள்ளையாரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. "அப்பனே, முதல் தையல் உனக்குத்தான்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பயத்தில் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சொன்னபடி முதலில் பிள்ளையாருக்குப் பட்டுத் தைத்தாள். பிறகு சீருடைகள். தை பிறந்ததும் இராசமலரின் கலியாணச் சட்டைத் துணியோடு நாகலிங்கத்தாரே வந்து நின்றார். அந்தப் பக்கத்தில் வேறு தையல்காரி இல்லை. அவள் துணியை வாங்கிக்கொண்டு கதவில் தொங்கிய பலகையைக் காட்டினாள். மூன்று மாதம் கூலி நின்றால் சட்டை ஏலம். தையல்காரி கேட்கமாட்டாள். வேறு எவரும் கேட்கலாம்.

நாகலிங்கத்தார் ஒரு சொல் விடாமல் வாசித்தார். வாசித்து முடித்து, கூலி முழுவதையும் மெசின்மேல் வைத்துவிட்டுப் போனார்.