ஓர் எழுத்தையும் வெட்டக் கூடாது!

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் கம்ப்யூட்டர் என்னிடம் பேசியது.

சிரிக்காதீர்கள். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இங்கிலீஷ் எழுத்தில் ஹிந்தி வாசகம் — 'சப் பட் லியா.' எல்லாவற்றையும் படித்துவிட்டேன்!

எதை? அதைச் சொன்னால்தான் நான் ஏன் பதறினேன் என்று உங்களுக்குப் புரியும்.

சௌல்தாரி போகிற வழியில் எங்கள் முருகன் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். விருத்தாசலம் பக்கமிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தவர்கள் கட்டியது. வரும்போது ஊர் வழக்கம் ஒன்றையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள் — பிராது கட்டுவது. பட்ட அநியாயத்தை, மனக்குறையை ஒரு தாளில் மனுவாக எழுதி, மடித்து, வேலில் நூல் போட்டுக் கட்டிவிட வேண்டும். முருகன் பார்த்துக்கொள்வார். விதி ஒன்றே ஒன்று: எழுதியவரும் முருகனும் தவிர மூன்றாம் ஆள் அதைப் படிக்கக் கூடாது.

தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் இருப்பவர் என்ன செய்வார்? கப்பலில் டிக்கெட் கிடைத்து, கடலும் ஒத்துழைத்து, வந்து சேர்வதற்குள் குறையே மறந்துவிடும்! அதற்காகத்தான் கோயிலுக்கு ஒரு வெப்சைட். அதில் டைப் செய்து அனுப்பினால் போதும். செவ்வாய்தோறும் நான் பிரிண்ட் எடுத்து, மடித்து, பூசாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

படிக்காமல் எப்படி பிரிண்ட் எடுப்பது? ரொம்ப சுலபம். கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். பச்சை நிற பிரிண்ட் பட்டன் மட்டும் பெரிதாகத் தெரியும். பத்தாவது படித்தவன் கண்டுபிடித்த செக்யூரிட்டி!

அன்றும் அப்படித்தான் பக்கத்தைத் திறந்தேன். பட்டனை அமுக்குவதற்குள் அந்தப் பெட்டி. கண்ணாடியை மாட்டிப் படித்தேன். சப் பட் லியா.

"செல்வி!"

என் மனைவி கரண்டியோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பதில் சொல்ல வாயெடுத்தாள். தலைக்கு மேல் விமானம் இறங்கியது. ஏர்போர்ட்டை ஒட்டிய எங்கள் பத்துபஸ்தியில் விமானம் போய் முடியும்வரை புருஷன் பெண்டாட்டி பேச முடியாது. சத்தம் அடங்கிய பிறகுதான் சொன்னாள்.

"ஏங்க… நானும் அதுல ஒன்னு போட்டிருக்கேன்."

"நீயா? யார் மேல?"

"முருகன்கிட்ட சொல்லியாச்சு. உங்ககிட்ட எதுக்கு?"

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருக்கிறது. திரையும் திறந்துதான் இருக்கிறது. பெட்டியை மூடினால்… ஒரு நிமிஷ வேலை. பொய் சொல்ல மாட்டேன், மனசு போனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

"எவனோ படிச்சிட்டு நாலு பேர்கிட்ட சொன்னான்னா? இது சின்ன ஊருங்க. பஜார்ல நான் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவள் ஒருத்தியா? எத்தனை பேர் நம்பி எழுதியிருப்பார்கள்!

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருக்கும் டாலிகஞ்சுக்கு ஓடினேன். அங்கே ஷாஹிதா இருக்கிறாள். மாமனார் வீட்டு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் பின்னறையில் உட்கார்ந்து மெயின்லேண்ட் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். எங்கள் வெப்சைட்டைச் செய்து தந்தவள் அவள்தான். முருகனுக்கு முஸ்லிம் பெண் வெப்சைட் செய்வதா என்று தீவில் யாரும் கேட்பதில்லை. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள்தான் கேட்பார்கள்.

பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்கண்ணே. ஆனா இது நம்ம பண்ணின தப்பு."

'நம்ம' என்றது அவள் பெருந்தன்மை. தப்பு என்னுடையது.

சில மாதங்களுக்கு முன் வடக்கே மாயாபந்தரிலிருந்து ஒரு நர்ஸம்மா போன் செய்தார். மருமகளுக்கு ரத்த அளவு ஏழுக்கும் கீழே என்பதை, ஆஸ்பத்திரி வழக்கப்படி '<7' என்று பிராதில் போட்டிருக்கிறார். அவருக்கு மெயிலில் வந்த நகலில் அந்தக் குறியிலிருந்து எழுதியதெல்லாம் காணோம்! சந்தேகப்படும்படி ஏதாவது வந்தால் வெட்டிவிட ஷாஹிதா ஏற்பாடு செய்திருந்தாள். நான் குதித்தேன். "சாமிக்குப் போற மனுவை வெட்ட நாம யாரும்மா? ஓர் எழுத்தையும் வெட்டக் கூடாது!"

"பாதுகாப்புக்குத்தாண்ணே…"

"பாதுகாப்புக்கு முருகன் இருக்கார். நீ எடு அதை."

எடுத்துவிட்டாள். அதன் பலனை இப்போது விளக்கினாள்.

"அந்தக் குறிக்குப் பின்னால ஒரு கட்டளை எழுதினா, ப்ரௌசர் அதை எழுத்தா பார்க்காதுண்ணே. செஞ்சு முடிச்சிரும். எழுதினது பக்தரா, வெப்சைட்டுக்குச் சொந்தக்காரரான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"எழுதினவன் எங்கேயோ இருக்கான். பெட்டி என் வீட்டுல எப்படிம்மா வந்துச்சு?"

"அதுதாண்ணே இதுல விசேஷமே. எழுதற இடத்துல தூங்கும். படிக்கிற இடத்துல முழிச்சுக்கும்."

புரிகிறதா? பூட்டை யாரும் உடைக்கவில்லை. என் பாஸ்வேர்டு போட்டு நானே கதவைத் திறந்து, உள்ளே தூங்கியதை நானே எழுப்பியிருக்கிறேன். வெறும் எழுத்துக்கு இத்தனை சக்தியா? மந்திரம் என்றால் நம்புகிற எனக்கே இதை நம்ப முடியவில்லை.

அந்தக் கட்டளையை மட்டும் தேடிப் பிடிக்கப் போவதாக ஷாஹிதா சொன்னாள். நான் சுவர் பக்கம் திரும்பி நின்றேன். எதிரே மசூதியின் தொழுகை நேர அட்டவணை. அதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கந்தா, கந்தா என்றேன். அந்த நேரத்தில் ஆண்டவன் அட்டவணை பார்த்தா வரப்போகிறான்?

"அண்ணே, திரும்புங்க. ஒரே ஒரு வரிதான். பெட்டியைக் காட்டுன்னு சொல்லியிருக்கான். வேற எதையும் எடுத்து அனுப்பச் சொல்லல. படிச்சேன்னு சொன்னது பச்சைப் புளுகு."

"நிச்சயமாவா?"

"அல்லா அறிய. மத்ததை நான் படிக்கல, கட்டளை இருக்கான்னு மட்டும் தேடினேன், ஒன்னும் வெளியே போகல. ஆனா அனுப்பச் சொல்லி எழுதியிருந்தா, மொத்தமும் போயிருக்கும்ணே. நீங்களே அனுப்பின மாதிரி."

செல்விக்கு போன் செய்து சொன்னேன். "சரி… சாப்பிட்டுப் போங்க கோயிலுக்கு" என்றாள்.

"மறுபடி வெட்டப் போறியாம்மா?" என்று ஷாஹிதாவிடம் பயந்துகொண்டே கேட்டேன்.

"வேணாம்ணே. முதல்லயே இதைத்தான் செஞ்சிருக்கணும், சுலபமா இருக்கேன்னு நான்தான் வெட்டிட்டேன். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். திரைக்கு வரும்போது மட்டும், 'இது கட்டளை இல்ல, எழுத்து. காட்டு, செய்யாதே'ன்னு ப்ரௌசருக்குச் சொல்லிடறேன்."

அரை மணி நேரம் தட்டினாள். பிறகு அந்த விஷமக்காரனின் வரியை மட்டும் திறந்து காட்டினாள். பார்த்தேன். குறியோடு, புள்ளியோடு, ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. பெட்டி வரவில்லை. வாயைத் திறந்து கத்துகிறான், சத்தம் வரவில்லை! என்னை அறியாமல் லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன்.

ப்ரௌசரைச் சொல்வானேன்? 'படித்தவுடன் பதினொரு பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல் வரும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நான் என்ன செய்கிறேன்? யார் எழுதியது என்று கேட்கிறேனா? உடனே பதினொரு பேரைத் தேடுகிறேன். நாமும் படித்த மாத்திரத்தில் ஆடுகிறவர்கள்தானே!

சாயங்காலம் பிரிண்ட் எடுத்து, மடித்து, கோயிலுக்குப் போனேன். கதையைக் கேட்ட கோயில் செக்ரட்டரி, "அரே, அந்தத் திருட்டுப் பய தாளைக் கிழிச்சுப் போடுங்க சார்!" என்று கொதித்தார்.

பூசாரி நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்பா, அவனும் இங்கதான எழுதிப் போட்டிருக்கான்? இங்க வந்த தாள இதுவரைக்கும் யாரும் கிழிச்சதில்ல. கொடு இப்படி."

கட்டினார். எல்லாவற்றையும் கட்டினார். காற்றில் அத்தனை தாள்களும் படபடத்தன. அவனைத் தண்டி, இவளைத் திருத்து, எனக்கு இதைக் கொடு… எத்தனை கட்டளைகள்! ஒன்றையும் வெட்டாமல் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் ஆடாமல் நின்றது வேல். எனக்குப் புல்லரித்தது. ஷாஹிதா படித்துத் தெரிந்துகொண்டதை முருகன் எந்தக் காலத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறார்!

செல்வியின் பிராது யார் மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டி ஒரு வாரம் ஆகிறது, எனக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒன்று, அது என் மேல் இல்லை… அல்லது, என் தரப்பையும் கேட்கலாம் என்று முருகன் வாய்தா போட்டிருக்கிறார்!