குஷன் அக்கா மிதித்த படகு

நான் வரைந்து செய்த முதல் பெடல் படகில் ஏறி உட்கார்ந்த குஷன் அக்கா, நாலு மிதி மிதித்துவிட்டு இறங்கிவிட்டார். படகு அப்போது தண்ணீரில்கூட இல்லை. மதுரைக் காளவாசலுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஃபைபர் பட்டறையில், மரக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்கு ஏறிவிட்ட சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டபடி, "இது எங்களுக்குச் செஞ்சது இல்ல தம்பி" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த படகு அது.

எனக்கு ஏற்கெனவே ஊரில் நல்ல பெயர். மதுரையில் இருந்துகொண்டு படகு செய்கிறவனை யார் சும்மா விடுவார்கள்? தல்லாகுளத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், வைகையில் ஓட்டுவதற்கா என்று கேட்டுச் சிரித்தார்கள், பெண்ணும் தரவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் விடுதிக் குளங்களுக்குப் போகும் அன்னப்பறவைப் படகுகள். அவற்றுக்கு இருக்கை உறையும் லைஃப் ஜாக்கெட்டும் தைத்தவர் என்பதால் பட்டறையில் அவர் குஷன் அக்கா. அவர் ஊர் மேற்கே, ஒரு பெரிய கண்மாய்க்கு அப்பால் இருந்தது. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தரைப்பாலம் முங்கிவிடும். ஆண்கள் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு நீந்தி, அக்கரையில் பஸ் ஏறிவிடுவார்கள். பெண்கள் தண்ணீர் வடியும்வரை வீட்டில் கிடக்க வேண்டியதுதான். அப்படித்தான் அக்காவுக்கு முன்பு இரண்டு வேலைகள் போயிருந்தன. மூன்றாவதையும் விட அவர் தயாராக இல்லை. ஊராட்சித் தலைவரை நச்சரித்து, எங்கள் பட்டறையிலேயே ஒரு படகு செய்யச் சொல்ல வைத்தவர் அவர்தான்.

அப்படிப்பட்டவரே வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. சரி, யாராவது ஒரு ஆண் மிதிக்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து போங்கள் என்றேன்.

"மிதிக்க ஒரு ஆம்பள வேணும்னா, அவன் வார வரைக்கும் நான் கரையில நிக்கணும். அதுக்கு எதுக்கு தம்பி படகு?"

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு மதியம், அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கால்களைப் பார்த்தேன். பெடல் என்றால் சைக்கிள் என்றே என் மண்டையில் ஏறியிருக்கிறது. எனக்கு ஐந்தடி தூரத்தில், சேலை நுனிகூட விலகாமல், நாள் முழுக்க ஒரு பெடல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அன்றே சைக்கிள் செட்டைக் கழற்றி எறிந்தேன். தையல் மிஷினில் இருப்பதுபோல மிதிபலகை வைத்து, அதைக் கம்பியால், இருக்கைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும்படி இருந்த துடுப்புச் சக்கரத்தோடு இணைத்தேன். வேகம் பாதியாகக் குறைந்தது உண்மைதான். கண்மாயில் யார் யாரை முந்தப் போகிறார்கள்?

அந்த ஐப்பசியில் தரைப்பாலம் முங்கியது. பாலம் முங்குமுன்பே படகோடு அந்த ஊருக்குப் போய்த் தங்கியிருந்தேன். மறுநாள் காலையில் நான் கரைக்குப் போனபோது, அக்காவும் நாலு பெண்களும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். முன்சீட்டில் தலைவரின் மச்சினர் உட்கார்ந்திருந்தார். இனிமேல் அவர்தான் படகுக்கு ஆள், பொம்பளைகள் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து வரட்டும் என்றார் தலைவர். மச்சினர் ஓங்கி மிதித்தார். படகு பின்னால் வந்து கரையில் முட்டியது. மறுபடி மிதித்தார், மறுபடி முட்டியது. தையல் மிஷினில் முதலில் கையால் சக்கரத்தை முன்பக்கம் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பின்னால் சுற்றும், இந்தப் படகிலும் அதேதான். தைக்கத் தெரிந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது முறை முட்டியதும் அக்கா கிட்டே போனார்.

"எந்திரிங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் எழுந்து கரையேற, பெண்கள் படகில் ஏறினார்கள். அக்கா சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி மிதிக்க, படகு நேராக அக்கரையைப் பார்த்துப் போனது. பெண்கள் ஐவரும் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, "வேணும்னேதான் இப்படிச் செஞ்சியா?" என்று கேட்டார். சத்தியமாக அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனாலும் "ஆமாண்ணே" என்றேன்.

இன்று அங்கே பாலம் வந்துவிட்டது. அக்கா வேலையிலிருந்து நின்று பல வருடங்கள் ஆகின்றன. என் படகு கேட்டு வருகிற விடுதிக்காரர்கள், மிதிபலகையை எடுத்துவிட்டு எல்லோரையும்போல சைக்கிள் பெடல் வைக்கச் சொல்கிறார்கள். வேறு பட்டறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். தலைவரிடம் அன்று நான் சொன்னது பொய். அதன் பிறகு செய்த படகுகளை எல்லாம் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.